மயிலையின் தோளோரம்

1937 ஓகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமைப் பதிவில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். அசனார் காக்காவைப் பற்றி, "இருபத்திரண்டு வருடமாகக் குதிரைச் சவாரி செய்கிறவர்" என்று எழுதியிருந்தேன். அது சரியல்ல. நேற்றுக் காலை ஐந்தே முக்கால் மணிக்கு முன் அவர் எந்தக் குதிரையின் முதுகிலும் உட்கார்ந்ததில்லை. அந்த வரியை வெட்டிவிட்டேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்காமல் எழுதிப் பழகு என்று மாலை வகுப்பில் டொமினிக் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். நேற்று நடந்ததை அப்படி எழுத என்னால் முடியுமா தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் கிளாக்கராக இருக்கும் தென்னந்தோட்டம் கிரானுக்கு வடக்கே, வாவியை ஒட்டி இருக்கிறது. துரையின் பங்களாவுக்குப் பின்னால் லாயம். லாயத்துக்கு அப்பால் எனது அறை. அடுத்தது அசனார் காக்காவின் வீடு. நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி மட்டும். அவர் ஏறாவூர் முஸ்லிம், இந்தத் தோட்டத்தின் குதிரைக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்வது வழக்கம். துரை குதிரையில் ஏறித் தோட்டம் பார்க்கப் போனால் இவர் குதிரையின் தோளோடு ஓடுவார். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். துரை ஏறியதும் திரும்ப ஓடுவார். ஒரு நாளைக்கு எட்டு மைல், பத்து மைல். அவருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மயிலைக்குப் பதினாறு. மயிலை என்பது சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. துரை வைத்த வேறு பெயர் உண்டு. அதைத் துரையைத் தவிர யாரும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து தனக்கு மோட்டார்க் கார் வருகிறது என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை மயிலையைச் சுடப்போவதாகச் சொன்னார். வயதான குதிரையை விற்றால் வாங்குகிறவன் கல்லேற்றும் வண்டியில் கட்டி அடித்தே கொன்றுவிடுவான், அவளை அப்படி அலைய விடமாட்டேன், ஒரே குண்டு, வலிக்காது என்றார். சொல்லும்போது அவருடைய குரல் கம்மியது உண்மை. நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் அசனார் காக்காவுக்கு விளங்கிவிட்டது.

"துரைக்கு அவள்ல என்ன குறை?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டுச் சொன்னேன். "குறை ஒன்றும் இல்லையாம் காக்கா."

"மறுகா ஏன்?"

துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியில் அவர்கள் முற்றத்தில் நின்றேன். காக்காவின் மனைவி சித்தி நபீஸா ராத்தா மணலை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தா. கச்சான் காற்று அடுப்புப் புகையை வாசலால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு உசிர் நல்லா நிக்கிது, திங்கிது, சாணி போடுது. அதச் சுடுறதுக்குப் பேர் இரக்கமா?" என்றா ராத்தா. "நாளைக்கு எனக்கு ரெண்டு இருமல் வந்தா துரை எனக்கும் துவக்குத் தூக்குவாரோ?"

"உன்னைச் சுட ரெண்டு குண்டு வேணும் புள்ள," என்றார் காக்கா.

"இந்த மனுசன்ட வாயப் பாருங்க தம்பி. இருவத்திரெண்டு வருசம் குதிரைக்குப் பக்கத்தில ஓடினார். எனக்குப் பக்கத்தில ஒரு கந்தூரிச் சாப்பாட்டுக்கு நடந்து வந்திருப்பாரா?"

காக்கா சிரிக்கவில்லை. சோற்றுக்கோப்பையை வாங்கி, கை வைக்காமல், கீழே வைத்துவிட்டார்.

"சனிக்கிழமை ஓட்டத்துக்கு ஏழு குதிரை போகுதெல்லியா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"ஆறு, காக்கா. துரை போகல்ல. அவர்தான் நடுவர்."

"ஏழு," என்றார்.

தோட்டத்துரைமாரின் கிளப் வைக்கும் ஓட்டம் அது. வாவியின் துறையில் இறங்கிக் கடந்து படுவான்கரைக்குப் போய், கொக்குக்கல் வழியாகக் குடும்பிமலை அடிவாரம் வரை பதினெட்டு மைல். அதே வழியாகத் திரும்பப் பதினெட்டு. கொக்குக்கல் வரை பத்து மைலுக்கு வண்டிப்பாதை உண்டு. அதற்கப்பால் எட்டு மைலும் பாறை. ஆடு போகும் தடம்தான் வழி.

புதன்கிழமை காலை அசனார் காக்கா துரையிடம் போய், அவள் போய்த் திரும்பி வந்தால் எனக்குத் தரவேண்டும் என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். துரை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் இப்படிச் சொன்னார்: தோட்டத்து ஆறு மணி அடிக்கும் முன் பங்களா முகப்பில் நட்ட இரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவால் அவள் வரவேண்டும். பட்டணத்திலிருந்து வரும் மிருக டாக்டர் பார்த்து, நொண்டவில்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் அவள் உனக்கு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை.

"யார் போறது?" என்று காக்கா கேட்டார்.

துரை தன் தமிழில் சொன்னார். "நீ. வேறே யாரு?"

ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, "ஏறத் தெரியுமா உங்களுக்கு?" என்றுதான் முதலில் கேட்டா. காக்கா, "கட்டில்ல ஏறத் தெரியும்," என்றார். மூன்று நாளும் அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. புது லாடம் அடித்தார்கள். கொள்ளு அவித்து உப்புப் போட்டு ஆறவைத்தார்கள். ராத்தா பொரிமாவும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்தா. ஒவ்வொரு உருண்டையும் மயிலையின் வாய்க்கு அளவு. மனிசருக்கும் அதே அளவுதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கொக்குக்கல்லில் இருந்து, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு குதிரையின் நேரத்தையும் எழுதுவது. வெள்ளிக்கிழமையே தோட்டத்து மாட்டு வண்டியில் தண்ணீர்ப் பீப்பாக்களோடும் என் சைக்கிளோடும் போய்விட்டேன். வண்டி ஓட்டி வந்தவர் சாமித்தம்பி அண்ணன், தோட்டத்துக் காவல்காரர். ஆகவே ஓட்டம் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. கொப்பராக் களத்து ரோட்டிலிருந்து தொடங்கியது. கொட்டிலுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்த ராத்தா இன்று சொன்னா.

"ஏத்தி விட்டாங்க தம்பி. பலாப்பழத்தக் கொம்பில வச்ச மாதிரி இருந்தார். ஹெக்டர் ஐயா சிரிச்சிச் சிரிச்சிச் செருமிப் போனார். மயிலை தலையத் திருப்பி முழங்கால மணந்து பாத்தாள். இது ஆருடா மேல எண்டு. நான் கண்ண மூடிட்டன்."

ஹெக்டர் ஐயா தோட்டத்தின் உதவித் துரை. நல்ல சவாரிக்காரர். அவருடைய செந்நிறக் குதிரைதான் வெல்லும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் பார்த்தது.

கொக்குக்கல் என்பது தரவைப் புல்வெளி நடுவில் ஒரு மைல் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் கருங்கல். ஒரு மூலையில் மட்டும் ஒரு பாலை மரம். அதன் நிழலில் மேசை போட்டிருந்தேன். மேற்கே குடும்பிமலை மொட்டையாகத் தெரிந்தது. இவ்வளவு தட்டையான நாட்டில் அது எப்படி அங்கே வந்தது என்று நான் சின்ன வயதிலிருந்தே யோசிப்பதுண்டு. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு ஹெக்டர் ஐயா வந்தார். கல்லில் லாடம் பட்டுப் பொறி பறந்தது. நிற்கவே இல்லை. கையை மட்டும் அசைத்தார். இருபது நிமிடத்துக்குள் மற்ற ஐந்தும் போய்விட்டன. அந்தச் சத்தம் கல்லுக்குள் இறங்கி என் கால்களால் ஏறியது. ஒரு குதிரை சறுக்கி முன் முழங்காலில் விழுந்து எழுந்தது. கல்லில் தோல் ஒட்டியிருந்தது.

மயிலை வரவில்லை. ஏழே முக்கால். எட்டு.

எட்டு ஐந்துக்குத் தரவையின் புல்லுக்கு மேலே மயிலையின் தலை தெரிந்தது. சேணத்தில் ஆள் இல்லை.

"விழுந்திட்டான்," என்றார் சாமித்தம்பி அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேனாவை எடுத்து அவருடைய பெயருக்கு நேரே கோடு போடப் போனேன். புல் விலகியது. மயிலையின் இடது தோளோடு, அவளுடைய பிடரியில் ஒரு கையை வைத்தபடி, அவர் ஓடி வந்துகொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வெறுங்கால். குறுகிய அடிகள். அவள் மூச்சு விடும்போது அவரும் விட்டார். சும்மா சொல்லவில்லை, அருகில் வந்தபோது காது கொடுத்துக் கேட்டேன். இரண்டு மூச்சும் ஒன்றாகவே போய் வந்தன.

"விழுந்திட்டீங்களா காக்கா?"

"இறங்கிட்டன்."

"எங்க?"

"களத்துக்கு அங்கால, மதகடியில."

மதகு, ஓட்டம் தொடங்கிய இடத்திலிருந்து கால் மைல்கூட இல்லை. "அப்ப இவ்வளவு தூரமும் ஓடியா வந்தீங்க?"

"அவள் ஓடல்லியா?" என்றார். வாளியை வாங்கி, முதலில் அவளுடைய வாயைக் கழுவினார். நாலு மிடறு மட்டும் குடிக்கவிட்டு வாளியை இழுத்துக்கொண்டார். மிச்சத்தைக் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினார். அதற்குப் பிறகுதான் தான் குடித்தார்.

"அசனார், குதிர உனக்கா, நீ குதிரைக்கா?" என்று சாமித்தம்பி அண்ணன் கேட்டார்.

"உன்ட மாட்டுக்கிட்டயும் போய் அதக் கேளன் கா. இன்னொரு வாளி ஊத்து."

நான் கிளப்பார் அச்சடித்துத் தந்த சட்டத்தாளை எடுத்து மூன்று தரம் வாசித்தேன். குதிரையும் அதனோடு புறப்பட்ட ஆளும் சேணத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்று இருந்தது. ஆள் குதிரையின் மேலே இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றியிருக்காது. என்றாலும் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏறிப் போங்க காக்கா. இதுக்குப் பிறகு முழுக்கக் கல்லு."

"அதுக்குத்தான் தம்பி ஏறல்ல." அவர் மயிலையின் கண்ணிமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல இருந்தா இவள்ட முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாம என்னெண்டு போறது? காது எங்க நிக்கிது, மூக்கு எவ்வளவு விரியுது, வாயில நுரை வெள்ளையா மஞ்சளா, ஒண்ணும் தெரியாதே. மேல இருக்கிறவனுக்குப் பிடரி மட்டும்தான் தெரியும்."

ஒரு பொரிமா உருண்டையை இரண்டாக உடைத்து அவளுக்கும் தனக்கும் போட்டுக்கொண்டு, கல்லில் இறங்கினார். எட்டு இருபது. அவளோடு பேசிக்கொண்டே போனார். வீட்டுக் கதை. வேலியை ஆடு தின்றது, ராத்தாவின் தங்கச்சிக்கு ஓட்டமாவடியில் மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம். கல்லின் மேலே வெயில் நடுங்கத் தொடங்கிய இடத்தில் இருவரும் மறையும் வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

பிறகு மூன்று மணிநேரம் நானும் சாமித்தம்பி அண்ணனும் காற்றைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். அவர் பழஞ்சோறும் எருமைத் தயிரும் கொண்டுவந்திருந்தார். நான் என் பங்கை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். கையை மேசைக்கு வெளியே நீட்டிக் கல்லைத் தொட்டேன். வைத்திருக்க முடியவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஹெக்டர் ஐயா திரும்பி வந்தார். குதிரையின் விலா அடுப்புத் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. முன் கால் ஒன்றை ஊன்றத் தயங்கியது. அவருக்கே தெரிந்திருந்தது. இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

"அசனார் காக்காவைக் கண்டீங்களா ஐயா?"

"கண்டன். மலையடிக்கு இங்கால ரெண்டு மைலில. குதிரைக்குக் கதை சொல்லிக்கொண்டு போறான்." சிரித்தார். ஆனால் காலையில் சிரித்திருக்கக்கூடிய சிரிப்பு அதுவல்ல. "லாடம் ஒண்டு கழண்டு போச்சு அவளுக்கு. நிப்பாட்டு எண்டு சொன்னன். கேக்கல்ல."

பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் இன்னும் இரண்டு குதிரைகள் வந்து போயின. ஒருவர் நொண்டுகிற குதிரையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, பாலை நிழலில் தொப்பியால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். மற்ற இரண்டு பேர் மலையடியிலேயே நின்றுவிட்டார்கள் என்று அவர் சொன்னார்.

ஒன்று நாற்பதுக்கு மயிலை வந்தாள்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். கண்டதை மட்டும் எழுதுகிறேன். லாடம் கழன்ற பின்னங்கால் குளம்பில் அவருடைய தலைத்துணி நாலாக மடித்துச் சாக்குக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பாறையில் தேய்ந்து கிழிந்த இடத்தில் அவருடைய மேற்சட்டை. ஆகவே அவருக்கு மேலே ஒன்றும் இல்லை. முதுகு வெயிலில் கொப்பளித்திருந்தது. ஓடவில்லை, நடந்தார். அவருடைய கை அதே இடத்தில், பிடரியில். அவர் வந்த கல்லில் அடிக்கு அடி ஈரமாக ஒரு தடம் இருந்தது. வியர்வை என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சிவப்பு. அவர்கள் வந்த திசையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல் அப்படித்தான் இருந்தது.

சாமித்தம்பி அண்ணன் ஒரு பகிடியும் விடவில்லை. தன்னுடைய தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கிழித்து, அவருடைய காலைப் பிடித்தார்.

"முதல்ல அவளுக்கு," என்றார் காக்கா. குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"அவளுக்குத் தம்பி ஊத்துறார். நீ காலக் காட்டு கா. சும்மா நில்லு."

கட்டிய துண்டோடு பத்தடி நடந்து பார்த்துவிட்டு, வழுக்குது என்று அவிழ்த்து எறிந்துவிட்டார்.

வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்துவிட்டதால் என் வேலை முடிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். பத்து மைல். அவருடைய பேச்சு நின்றுபோயிருந்தது. இடைக்கிடை, "மகள்," என்று மட்டும் சொல்வார். அவள் ஒரு காதைத் திருப்புவாள். மீதி நேரம் அவர்கள் இருவரின் ஆறு கால்களின் சத்தம்தான். வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டார். குடும்பிமலையிலிருந்து என்றேன். அவர் அரிவாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாங்கள் வரம்பின் முனை திரும்பும் வரை அப்படியே நின்றார்.

வாவித் துறைக்கு வந்தபோது நாலு இருபத்தைந்து. முழங்கால் அளவு தண்ணீர். மயிலை நடுவில் போய் நின்றுவிட்டாள். அவரும் நின்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"காக்கா, நேரம்."

"நிக்கட்டும். நாலு காலும் சூடு. அவள் சொல்லுவாள்."

"ஆறு மணிக்குள்ள..."

"தம்பி, நீங்க மணியப் பாருங்க. நான் இவளப் பாக்கிறன்."

ஏழு நிமிடம் நின்றாள். பிறகு தானாகவே முன் காலைத் தூக்கி வைத்து நடந்தாள். கரை ஏறியபோது அவளுடைய நடை மாறியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்த விதத்தை நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தோட்டத்து எல்லை வேலி தெரிந்ததும் நான் சைக்கிளில் ஏறி முன்னால் போனேன். பங்களா முகப்பில் துரை, டாக்டர், கிளப்பார், அவர்களுடைய பெண்சாதிமார் எல்லாரும் கதிரைகளில் இருந்தார்கள். ஹெக்டர் ஐயாவின் குதிரை முதலில் வந்தும், நொண்டுகிறது என்று டாக்டர் தள்ளிவிட்டாராம். அவர் படியில் தனியாக இருந்தார். அசனார் வருகிறார் என்று சொன்னேன். எல்லாரும் எழுந்து முன் கேற்றைப் பார்த்தார்கள். நேரம் ஐந்து பதினைந்து.

ஐந்து இருபத்தைந்து. யாரும் வரவில்லை. ஐந்து முப்பது. நான் அவர்களை விட்டு வந்த தூரம் அரை மைல்கூட இல்லை. விழுந்திருப்பார் என்று நினைத்தேன். அவளா, அவரா? சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ரோட்டில் ஒருவரும் இல்லை. மணலில் குளம்புத் தடம் இருந்தது. மூன்று லாடம், ஒரு துணி. அது முன் கேற்றுக்கு வரவில்லை. வேலியோடு திரும்பிப் பின்பக்கம் போயிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்தில் வேலை செய்கிற எவரும் முன் கேற்றால் வருவதில்லை. நானும் வருவதில்லை. துரை முகப்பில் இறங்கியதும் குதிரைக்காரர் குதிரையைச் சுற்றுவழியால் பின்னே கொண்டு போவார். முன்பக்கம் குதிரை நடப்பது துரை மேலே இருக்கும்போது மட்டும். இருபத்திரண்டு வருடம். முப்பத்தாறு மைல் நடந்து களைத்த மனிசர் எதையும் யோசிக்கவில்லை. கால் வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போய்விட்டது.

லாயத்துக்குள் ஓடினேன். மயிலை தன் இடத்தில் நின்றாள். ராத்தா வாளியோடு நின்றா. காக்கா சேணத்து வாரின் கொளுக்கியில் விரலை வைத்திருந்தார்.

"கழட்டாதீங்க!" என்று கத்தினேன். குதிரை திடுக்கிட்டது. "காக்கா, முகப்புக்குப் போகல்ல. கம்பத்துக்கு நடுவால போகல்ல."

அவர் என்னைப் பார்த்தார். வாரைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனது. சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார்.

"முடிஞ்சிது," என்றார்.

"முடியல்ல. இருவது நிமிசம் இருக்கு. எழும்புங்க."

"முன் கேற்றால நானா? அந்தப் பொம்பிளைங்க இருக்கிற இடத்துக்கு, சட்டையும் இல்லாம... துரைய இஞ்ச வந்து பாக்கச் சொல்லுங்க தம்பி. அவள் வந்திட்டாள்தானே. அவருக்குத் தெரியாதா?"

ராத்தா வாளியை வைத்தா. சத்தம் போட்டு வைத்தா.

"மனுசா, மலை வரைக்கும் போயிட்டு வந்திட்டு இந்த முத்தத்தில நின்டு போறயளா? உங்களுக்குக் கூச்சமா? நாளைக்கு அந்தத் துவக்குச் சத்தத்த இந்தச் சுவருக்கு இஞ்சால இருந்து நான் கேக்கோணுமா?" முக்காட்டை இழுத்துவிட்டு, மீன் மணக்கிற கையால் கடிவாளத்தைப் பிடித்தா. "நீங்க வாறயளா, நான் கொண்டு போகட்டா?"

"உன்னோட அவள் நடக்கமாட்டாள் புள்ள."

"அப்ப எழும்புங்க."

நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். அவர் மயிலையின் பிடரியைப் பிடித்து நிமிர்ந்தார். நான் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவருக்குச் சிறிதாக இருந்தது, பொத்தான் பூட்ட முடியவில்லை. லாயத்தை விட்டு வெளியே வந்து, வேலியைச் சுற்றி, ரோட்டுக்கு ஏறி, முன் கேற்றுக்குள் திரும்பினோம். இடது பக்கம் அவர். வலது பக்கம் ராத்தா. பின்னால் சட்டை இல்லாத நான், நேரப் பதிவுத்தாளோடு. சரளைக்கல் பாதையின் நீளம் நூறு யார் இருக்கும். மயிலை இரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவால் நடந்து போனபோது என் மணிக்கூட்டில் ஐந்து ஐம்பத்து நாலு.

கிளப்பாரில் ஒருவர் எழுந்து, இவன் லாயத்துக்குப் போய்வந்திருக்கிறான், தண்ணீர் காட்டியிருக்கிறான் என்றார். துரை என்னிடமிருந்து பதிவுத்தாளை வாங்கினார். சேணம் இறங்கியதா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்டாயா என்றார். கண்டேன் என்றேன். ஹெக்டர் ஐயா படியிலிருந்தபடியே ஆங்கிலத்தில், அவன் ஒரு மைல் கூடுதலாகத்தான் நடந்திருக்கிறான் என்றார்.

டாக்டர் குளம்புக் கட்டை அவிழ்த்தார். துணி துணியாக வந்தது. உள்ளே குளம்பு வெடிக்காமல் முழுசாக இருந்தது. காலைத் தடவினார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார், நெடுநேரம் கேட்டார். பிறகு, ஓடவிட்டுக் காட்டு என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை. ஆனால் காக்கா டாக்டரின் கையைப் பார்த்து விளங்கிக்கொண்டார். பிடரியில் கை வைத்தார். "மகள்," என்றார். இருவரும் கூரிய சரளைக்கல்லின் மேல் ஐம்பது யார் ஓடினார்கள், திரும்பி ஓடி வந்தார்கள். காலையில் கொக்குக்கல்லில் கண்ட அதே குறுகிய அடிகள். அங்கே இருந்த பெண்களில் ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டத்து மணி அடித்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"குதிரைக்கு ஒன்றும் இல்லை," என்றார் டாக்டர். "அந்த ஆளை உட்கார வையுங்கள்."

ஹெக்டர் ஐயாதான் கதிரையைக் கொண்டுவந்தார். உள்ளே போய் அயடின் போத்தலும் எடுத்து வந்து, முழங்காலிட்டு, தானே அவருடைய பாதங்களில் ஊற்றினார். காக்கா கதிரையின் நுனியில், எழும்பப் போகிறவர் மாதிரி இருந்தார். துரை இறங்கி வந்து மயிலையின் நெற்றியில் கையை வைத்தார். பிறகு சொன்னார்:

"அசனார். அவ உன்னுது. நாளைக்குக் கூட்டிப் போ. திங்கள் கார் வருது. லாயம் காருக்கு வேணும்."

இன்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். காக்கா பாயில் படுத்திருந்தார். கால் இரண்டும் பூசணிக்காய் அளவு வீங்கி, மஞ்சளும் எண்ணெயும் பூசிக் கட்டியிருந்தது. எட்டு நாளைக்கு நிலத்தில் வைக்கக்கூடாதாம். அவர் தலையை வாசல் பக்கமாக வைத்துப் படுத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் மயிலையின் முகம் தெரிகிறது. அவள் முற்றத்தில் தென்னையில் கட்டப்பட்டு வெயிலில் நின்றாள்.

"பாருங்க தம்பி, காலையிலிருந்து அரைவாசி வேலியத் திண்டு முடிச்சிட்டாள்," என்றா ராத்தா. திட்டிக்கொண்டே சோறு வடித்த கஞ்சியை அவளுக்கு வைத்தா. "நிழலும் இல்ல. இந்த மனுசன் எழும்புற மட்டும் நான் ஓலையப் பிடிச்சிட்டு நிக்கிறதா?"

நாளை திங்கட்கிழமை. ஆள்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன், ஐந்து மணிக்கு எழுந்து, அவர்கள் முற்றத்தில் மயிலைக்குக் கொட்டில் போட நாலு குழி தோண்டவேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு முழ ஆழம். கம்பு சாமித்தம்பி அண்ணன் கொண்டுவருகிறார். குழி தோண்டும் அலவாங்கை இன்றைக்கே வாங்கி வைத்துவிட்டேன்.